செண்ட் ஆஃப் மேடைல ஒருத்தர ரோஸ்ட் பண்றது எப்படி: பழைய டீன் மார்ட்டின் ஷோல இருந்து எடுத்துக்க வேண்டியது

எங்க கேரளா-தமிழ்நாடு எல்லைல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ரிட்டயர்மெண்ட் நிகழ்ச்சி எப்படி நடக்கும்னு இந்த பார்டர்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும். பொன்னாடை, மெமெண்டோ, ஒரு பழத்தட்டு, அப்புறம் பத்து பேரு வரிசையா வந்து "எளிமையானவர், எல்லார்கிட்டயும் அன்பா பழகுவார்"னு தமிழ்ல பாதி மலையாளத்துல பாதி சொல்லிட்டு போவாங்க, அந்த பத்து பேச்சுலயும் அந்த மனுஷன் இருக்கவே மாட்டார், பேர மட்டும் மாத்திட்டா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறவருக்கும் அதே பேச்சு பொருந்தும். முப்பது வருஷம் ஒரு இடத்துல உழைச்ச ஆளுக்கு இது பத்தாதுங்க. அவர் எதுக்கு கோவப்படுவார், எந்த டீக்கடைல நிப்பார், சட்டைப் பாக்கெட்ல என்ன வச்சிருப்பார்னு கவனிச்சு வச்சிருக்கறவங்க தான் அவர்மேல உண்மையா பாசம் வச்சவங்க, அந்த கவனிப்ப மேடைக்கு கொண்டு வர்றதுக்கு எனக்கு தெரிஞ்சு ரோஸ்ட், அதாவது ஒருத்தர நடுவுல உக்கார வச்சு கூட்டாளிங்களே பாசத்தோட கிண்டல் பண்றது, அது மாதிரி நல்ல வழி வேற இல்ல. அத எப்படி நடத்தறதுன்னு சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இப்ப ரோஸ்ட்னா ரீல்ஸ்ல யாராவது ஒரு ஹீரோவ அவர் இல்லாத இடத்துல உக்காந்து கிழிக்கறதுக்கு பேராயிடுச்சு, நான் சொல்றது அந்த கணக்குல வராது. இதோட பழைய வீடு நியூயார்க்ல இருந்த ஃபிரையர்ஸ் கிளப். 1904ல ஆரம்பிச்சது, ஷோ நடத்தறவங்க, நடிகர்கள், காமெடியன்கள் சேர்ற எடம். அங்க விருந்து வச்சு ஒருத்தர நடுவுல உக்கார வச்சு அவரோட நண்பர்களே மாத்தி மாத்தி கிண்டல் பண்ணுவாங்க, "நாங்க நேசிக்கறவங்கள மட்டும் தான் வறுப்போம்"ங்கறது அந்த கிளப்ல ரோஸ்ட் பத்தி சொல்ற வாசகம். அது கதவ சாத்திட்டு நடந்த விஷயம், பச்சையாவே பேசுவாங்க. அத குடும்பத்தோட பாக்கற மாதிரி டிவிக்கு கொண்டு வந்ததுல பெரிய பேரு டீன் மார்ட்டினுக்கு தான். பாடகர், நடிகர், 1965ல இருந்து அமெரிக்காவோட என்.பி.சி. சேனல்ல தன் பேர்லயே ஷோ நடத்திட்டு இருந்தவர், அதோட கடைசி சீசன்ல 1973ல ரோஸ்ட்ட ஒரு பகுதியா சேத்தாங்க, ஜனங்களுக்கு புடிச்சுப் போயி 1974ல இருந்து 1984 வரைக்கும் தனி ஸ்பெஷலாவே வந்துச்சு, பலத லாஸ் வேகஸ்ல எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டல்ல வச்சு எடுத்தாங்க.

ஸ்கிரிப்ட் எழுத உக்கார்றதுக்கு முன்னாடி இதுல அஞ்சு பாருங்க. 1974 காமெடியன் டான் ரிக்கிள்ஸ், 1975 காமெடி நடிகை லூசில் பால், 1976 குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1978 பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, அதே வருஷம் நடிகர் ஜிம்மி ஸ்டூவர்ட். யூட்யூப்ல துண்டு துண்டாவாவது கெடைக்கும். இங்கிலீஷ் வேகமா போகுதுன்னு விட்டுடாதீங்க, சப்டைட்டில் போட்டுக்கங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ பாக்கணும். மொத தடவ பேசறவர பாருங்க, ரெண்டாவது தடவ பேசறவர விட்டுட்டு கிண்டல் வாங்கறவர மட்டும் பாருங்க. அவர் மைக்குக்கு பக்கத்துலயே உக்காந்திருப்பார், கைய நீட்டினா தோள தொட்டுடலாம், அவ்வளவு தான் தூரம். பேசறவர் கூட்டத்த பாத்து விஷயத்த சொல்லிட்டே வருவார், அடி விழற எடத்துல மட்டும் லேசா இவர் பக்கம் திரும்புவார், கேமரா உடனே இவர் மூஞ்சிக்கு வரும், இவர் தல குனிஞ்சு மேஜைய தட்டி சிரிச்சிட்டு இருப்பார். அந்த மூஞ்சிய பாத்த பின்னாடி தான் நமக்கும் வாய்விட்டு சிரிக்க தைரியம் வருது. எதிராளிய பாட்டாவே கட்டி நக்கல் பண்ணி பேரு வாங்கின முகமது அலி, ஒரு மணி நேரம் வாய மூடி உக்காந்து வாங்கறார்ங்க, அது அவர சின்னவராக்கல, பாக்கறப்ப அவர்மேல மரியாத கூடுது. இத்தன வருஷம் கழிச்சும் இந்த நிகழ்ச்சிகள ஜனங்க தேடித் தேடி பாக்கறதுக்கு காரணம் ஜோக்க விட அது தான்னு நான் நெனைக்கிறேன், பெரிய ஆளு ஒருத்தர் கூட்டாளிகளுக்கு நடுவுல சாதாரண ஆளா உக்காந்திருக்கறத பாக்கற சந்தோஷம்.

நம்ம பக்கம் இது புதுசும் கெடையாது. கல்யாண வீட்ல மாமன் மகன் கேலி பண்ணலாம், மச்சான் பண்ணலாம், கொழுந்தியா மாப்பிள்ளைய கூட்டத்துல வச்சு வாரலாம், அதே வார்த்தைய பங்காளி சொன்னா பந்தில சண்ட வந்துடும். கேலி பேச முறை வேணும். ரோஸ்ட் மேடைங்கறது அங்க உக்காந்திருக்கற எல்லாருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மச்சான் முறை குடுக்கற மாதிரி, மணி அடிச்சா முறை முடிஞ்சுது. கேரளத்துல கோயில்ல ஒருத்தர் தனியா நின்னு கதை சொல்ற சாக்கியார் கூத்துல இது மரபாவே இருக்கு, கூத்தம்பலங்கற கோயில் அரங்கத்துல சாக்கியார் மேடை ஏறிட்டா முன்னாடி ராஜாவே உக்காந்திருந்தாலும் கிண்டல் பண்ணலாம், யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது. தமிழ்ல காளமேகப் புலவர் சாமியையே திட்ற மாதிரி பாடி கும்பிட்டவர். அதனால "இது வெள்ளக்காரன் பழக்கம், நம்மாளுங்களுக்கு ஒத்து வராது"ன்னு கமிட்டில யாராவது சொன்னா இதையெல்லாம் எடுத்து சொல்லுங்க.

யார ரோஸ்ட் பண்றதுங்கறது தான் பாதி வேலை. அந்த சபைல யாருக்கு பலம் அதிகமோ அவர தான் பண்ணணும். டீன் மார்ட்டின் மேடைல உக்காந்தவங்கள பாருங்க, 1973ல கலிஃபோர்னியா கவர்னரா இருந்த ரொனால்ட் ரீகன், ஹெவிவெயிட் சாம்பியன் அலி, சினாட்ரா. கீழ இருக்கறவங்க மேல இருக்கறவர வாரினா தான் அதுல சுகம் இருக்கு. ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர், சொசைட்டி செக்ரட்டரி, கிளப்போட பழைய கேப்டன், இவங்க சரி. பியூன், ஸ்வீப்பர் அக்கா, கூச்ச சுபாவம் உள்ள கிளார்க், புதுசா வந்த பொண்ணு, இவங்கள அந்த சேர்ல உக்கார வைக்கவே கூடாது, திருப்பி பேச முடியாதவங்கள பேசறது அடாவடி. இன்னொண்ணு, அவர் மேல ஜனங்களுக்கு பிரியம் இருக்கணும். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள கடுப்பு இருக்கற ஆபீசர ரோஸ்ட் பண்ணா அது பஞ்சாயத்தா மாறிடும், அங்க பொன்னாடையோட நிறுத்திக்கங்க.

ஆள முடிவு பண்ணின பின்னாடி நேர்ல போயி கேளுங்க. சர்ப்ரைஸ் வேண்டாம். "சார், நிகழ்ச்சில உங்கள கிண்டல் பண்ணலாம்னு இருக்கோம், எதெல்லாம் பேசலாம், எதெல்லாம் வேண்டாம்?"னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. அவர் "என்ன வேணா பேசுங்கப்பா"ன்னு தான் சொல்வார், அத நம்பிட்டு வந்துடாதீங்க, வீட்ல அவர் சம்சாரத்துகிட்ட தனியா கேளுங்க, அவங்களுக்கு தான் தெரியும் எந்த எடம் இன்னும் ஆறலைன்னு. மொத வரிசைல யாரு உக்காரப் போறாங்கன்னும் கேட்டுக்கங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கன்னா ஸ்கிரிப்ட்ல பாதிய வெட்டிடுங்க, மருமகன் முன்னாடி மாமனார் தல குனியற மாதிரி ஒரு வரி கூட இருக்கக்கூடாது.

தொடக்கூடாத விஷயம் எல்லாருக்கும் தெரியும்னு நெனைப்போம், ஆனா மைக் கைக்கு வந்துட்டா மறந்துடும், அதனால சொல்றேன். ஜாதி வேண்டாம், ஜாடையா கூட வேண்டாம், யாரு எந்த தெருன்னு தெரிஞ்ச ஊர்ல ஜாடை நேராப் பேசறத விட மோசம். தமிழன் மலையாளி ஜோக் வேண்டாம், தமிழங்கள மட்டமா சொல்ற "பாண்டி"ங்கற வார்த்தைய பள்ளிக்கூடத்துல கேட்டு வளர்ந்தவங்க நம்ம பக்கம் நெறைய பேர் இருக்காங்க, சிரிச்சாலும் அது உள்ள தங்கும். பழைய டீன் மார்ட்டின் ஷோலயே நெறத்த வச்சும் பொம்பளைங்கள வச்சும் சொன்ன பல ஜோக் இன்னைக்கு பாத்தா சங்கடமா தான் இருக்கு, அத அப்படியே தள்ளிட்டு போங்க. வியாதி, கடன், பசங்க படிப்பு, கொழந்த இல்லாதது, எதுவும் வேண்டாம். 2022 ஆஸ்கர் மேடைல காமெடியன் கிறிஸ் ராக், நடிகர் வில் ஸ்மித் மனைவியோட முடியில்லாத தலைய வச்சு ஒரு வரி சொன்னார், அவங்களுக்கு முடி கொட்ற நோய், அடுத்த நிமிஷம் வில் ஸ்மித் மேடை ஏறி அவர அறைஞ்சத உலகமே பாத்துச்சு. அவங்க வாங்கறதுக்குன்னு ஒத்துக்கிட்டு உக்காந்தவங்க கெடையாது, அது தான் விஷயம்.

குடி பத்தி தனியா சொல்லணும். டீன் மார்ட்டின் கைல எப்பவும் ஒரு கிளாஸ் இருக்கும், பாதி ஜோக் அவர் குடி மேல தான் வரும், ஃபாஸ்டர் புரூக்ஸ்னு ஒருத்தர் ஃபுல் போதைல தள்ளாடி வர்ற மாதிரியே வந்து பேசி சபைய கவுத்துடுவார். ஆனா ஃபாஸ்டர் புரூக்ஸ் குடிய நிறுத்தி பல வருஷம் ஆயிருந்துச்சு, அது வேஷம். டீன் மார்ட்டினோட குடிகாரன் இமேஜும் பெரும்பகுதி அவரே கட்டினது. காமெடியன்கள்ல பாப் ஹோப்புக்கு மூக்கு, ஜார்ஜ் பர்ன்ஸுக்கு வயசு, இப்படி அவங்க அவங்களே பல வருஷமா மேடைல சொல்லி சிரிச்ச கொறைய தான் மத்தவங்களும் சொன்னாங்க. நம்ம சித்தூர் தாலுக்கால கள்ளுக்கடை இல்லாத ஜங்ஷன் கம்மி, உண்மையா குடிச்சு வீட்ட கஷ்டப்படுத்தின ஆள மேடைல வச்சு குடி ஜோக் சொன்னா கூட்டம் சிரிக்கும், அவர் பொண்டாட்டி சிரிக்க மாட்டாங்க. நீங்க தேட வேண்டியது அவரே ஊருக்கெல்லாம் சொல்லி சிரிக்கற கொறை. பழைய ஸ்கூட்டர், அதிகமா பேப்பர் மிச்சம் புடிக்கறது, டீக்கு சர்க்கரை மூணு ஸ்பூன், வாட்ஸ்அப்ல காலைல அஞ்சு மணிக்கு குட் மார்னிங். இந்த மாதிரி.

சரி, எழுதறதுக்கு வருவோம், இதுல தான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. ஒரு கணக்கு வாத்தியார்னு வச்சுக்கங்க. பேப்பர வீணாக்கவே மாட்டார். "சார் பயங்கர கஞ்சம்"னு எழுதினா அது வெறும் திட்டு, யாரையும் சொல்லலாம். கூட வேலை பாத்தவங்கள, படிச்ச பசங்கள கேளுங்க, எங்க பாத்தீங்க, எதுல எழுதினார்னு கேளுங்க. யாராவது ஒருத்தர் சொல்வாங்க, அவர் கல்யாணப் பத்திரிகைல மிச்சமானதோட பின்பக்கத்துல தான் கணக்கு போட்டு காட்டுவார்னு. கெடைச்சுதுங்களா! இப்ப எழுதுங்க: "சாருக்கு கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு, மிச்சமான பத்திரிகைய இன்னும் ரஃப் நோட்டா வச்சு தான் எங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்தார். இந்த ஸ்கூல்ல படிச்ச யார வேணா கேளுங்க, பித்தாகரஸ் தியரம் மறந்திருக்கும், சார் கல்யாண முகூர்த்தம் மனப்பாடம்."

இத கொஞ்சம் நிதானமா பாருங்க. மேலாப்புல கஞ்சத்தனம். உள்ள பாத்தா, ஒவ்வொரு பையனையும் பக்கத்துல உக்கார வச்சு பேப்பர்ல போட்டு காட்டி சொல்லிக் குடுத்த மனுஷன். பொன்னாடை பேச்சுல "அர்ப்பணிப்பு உள்ள ஆசிரியர்"னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் தோணாது, இதுல அதே விஷயம் சிரிச்சு முடிச்ச பின்னாடி உள்ள எறங்கும், அவர் சம்சாரமும் சிரிப்பாங்க ஏன்னா அந்த பத்திரிகைல அவங்க பேரும் இருக்கு. ஒவ்வொரு ஜோக்கையும் எழுதி முடிச்சிட்டு இத கேளுங்க, இதுக்குள்ள பாராட்டு ஒளிஞ்சிருக்கா? இல்லைன்னா தூக்கிடுங்க.

அப்புறம் வரிய முடிக்கற விதம். நம்ம பேச்சுல "இருக்கு, தெரிஞ்சிடுச்சு, பண்ணிட்டார்"னு வினைச்சொல் கடைசில வந்து உக்காந்துக்கும், அதிர்ச்சி வர்ற வார்த்தை அதுக்கு முன்னாடியே போயிடும், கூட்டம் சிரிக்க ஆரம்பிக்கறப்ப நீங்க இன்னும் பேசிட்டு இருப்பீங்க. "முகூர்த்த நேரம் எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கும்"னு இழுத்தா செத்துச்சு. "மனப்பாடம்"னு வெட்டிட்டு வாய மூடிக்கணும். ஸ்கூட்டர் ஜோக்கும் இதே தான்: "கோவிந்தாபுரம் செக்போஸ்ட்ல எல்லா வண்டியையும் நிறுத்துவாங்க, சார் வண்டிய மட்டும் நிறுத்த மாட்டாங்க. நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் பண்ண தள்ளணும், நாலு போலீஸ்." எழுதினத வாய்விட்டு படிச்சுப் பாத்து, எந்த வார்த்தைக்கு சிரிப்பு வரணுமோ அத கடைசிக்கு தள்ளுங்க.

பேசறவங்க ஆறு பேருக்கு மேல வேண்டாம், ஆளுக்கு நாலு நிமிஷம். ஆறு பேரும் ஒரே மாதிரி பேசினா மூணாவது ஆள்லயே களைச்சிடும். டீன் மார்ட்டின் வரிசைய பாத்தா இது புரியும், டான் ரிக்கிள்ஸ் நேரா மூஞ்சிக்கு நேர் திட்டுவார், நிப்சி ரஸ்ஸல் எதுகை மோனையோட பாட்டா சொல்வார், ரிச் லிட்டில் மிமிக்ரி, ரூத் பஸி தலைல வலை கட்டி கைப்பையோட கிழவி வேஷத்துல வந்து டீன் மார்ட்டினயே பையால சாத்துவாங்க. நமக்கு இதுக்கா பஞ்சம், கொச்சின் கலாபவன்ங்கற கலைக்குழுல இருந்து மிமிக்ரி கெளம்பி ஜெயராம் மாதிரி ஆளுங்க சினிமா வரைக்கும் போன நாடு இது, எந்த ஓணம் கிளப்லயும் ரெண்டு மிமிக்ரி பசங்க இருப்பாங்க. ஒருத்தர் அவர் குரல்லயே பேசட்டும், ஒருத்தர் நாலு வரி கவிதை சொல்லட்டும், ஒருத்தர் அவரோட பழைய வீட்டு ஓனரா வேஷம் கட்டி வரட்டும், மிச்ச பேர் நேரா பேசட்டும். பாதி கூட்டம் மலையாளம்னா கதைய எந்த பாஷைலயும் சொல்லுங்க, கடைசி வரி மட்டும் ரெண்டு பக்கமும் புரியற எளிய வார்த்தைல இருக்கணும், பொள்ளாச்சில இருந்து வந்த வயசானவங்களுக்கு பக்கத்துல ஒருத்தர் விளக்கம் சொல்லிட்டு இருந்தா அந்த வரிசையே விட்டுப் போயிடும்.

மனப்பாடம் பண்ணி பேசணும்னு யாரையும் பயமுறுத்தாதீங்க, டீன் மார்ட்டினே க்யூ கார்டு, அதாவது பேச வேண்டியத எழுதி காட்டற அட்டை, அத பாத்து தான் படிப்பார், ஒளிச்சு வைக்கவும் மாட்டார். பேப்பர் கைல இருக்கட்டும். தொகுத்து பேசறவர் கொறைச்சலா பேசணும், ஒருத்தர கூப்பிட ரெண்டு வரி போதும். மேடைல பூங்கொத்துக்கும் தண்ணி பாட்டிலுக்கும் பின்னாடி அவர ஒளிச்சு வைக்காம மைக்குக்கு பக்கத்துல சேர் போடுங்க, அவர் மூஞ்சில நல்லா வெளிச்சம் விழட்டும், கூட்டத்துக்கு அந்த மூஞ்சி தெரியணும். பேசறவர் இருட்டுல நின்னாலும் பரவால்ல. சிரிப்பு தொடர்ச்சியா வரலைன்னு கவலப்படாதீங்க. டீன் மார்ட்டின் ஷோவ கிரெக் கேரிசன்னு ஒரு தயாரிப்பாளர் ரொம்ப எடிட் பண்ணி தான் குடுத்தார், வேற நேரத்துல எடுத்த சிரிப்ப கொண்டு வந்து ஒட்டுவாங்க, சில பேர தனியா எடுத்து சேப்பாங்க. நம்ம ஹால்ல நடுநடுவுல அமைதி இருக்கத்தான் செய்யும், ஒரு ஜோக் விழலைன்னா விளக்கம் சொல்லாம அடுத்ததுக்கு போயிடுங்க.

கடைசி பேச்சு வாங்கினவருக்கு. இத மட்டும் எந்த காரணத்துக்காகவும் வெட்டாதீங்க, நேரம் ஆச்சு, சாப்பாடு ஆறுதுன்னு கமிட்டி அவசரப்படுத்தும், விடாதீங்க. டீன் மார்ட்டின் நிகழ்ச்சி எல்லாத்துலயும் கடைசி மைக் கிண்டல் வாங்கினவருக்கு தான், வரிசையா உக்காந்து அடிச்ச அத்தன பேருக்கும் திருப்பி குடுப்பார், அப்புறம் நன்றி சொல்வார். நம்ம பாலக்காட்டு ஜில்லா கிள்ளிக்குறிச்சிமங்கலத்துல பொறந்த மலையாளக் கவி குஞ்சன் நம்பியார் கதைய சொல்வாங்கல்ல, கூத்துக்கு மிழாவுங்கற மேளம் வாசிக்கறப்ப தூங்கிட்டாராம், சாக்கியார் அத வச்சு சபைல வாரிட்டாராம், அடுத்த நாளே பக்கத்துல ஒரு ஆட்டம் கட்டி கூட்டத்தையே தன் பக்கம் இழுத்துட்டாராம், ஓட்டன் துள்ளல்ங்கற கேரள ஆட்டக்கலை அப்படி வந்ததா தான் கதை. பதில் சொல்ல எடம் இருந்தா அவமானம் கூட கலையா மாறும். அதனால ஒரு வாரம் முன்னாடியே யாரு யாரு பேசறாங்கன்னு அவர்கிட்ட லிஸ்ட் குடுங்க, எழுத வரலைன்னா நம்ம ஆள் ஒருத்தர கூட உக்கார வச்சு எழுதிக் குடுங்க. பேசறவங்க ஒவ்வொருத்தரும் தன் பேச்ச முடிக்கறப்ப ஒரே ஒரு வரி நேரா, கிண்டல் இல்லாம சொல்லணும். டான் ரிக்கிள்ஸ் அவ்வளவு திட்டிட்டு முடிக்கறப்ப மனசார ரெண்டு வார்த்தை சொல்லிட்டு தான் எறங்குவார்.

ஃபோன் விஷயத்துல கறாரா இருங்க. ஆரம்பத்துலயே மைக்ல சொல்லிடுங்க, ஃபோட்டோ எடுத்துக்கங்க, வீடியோ வேண்டாம்னு. 2014 டிசம்பர்ல மும்பைல ஏ.ஐ.பி.ங்கற காமெடி குழு ஹிந்தி நடிகர்கள் ரன்வீர் சிங், அர்ஜுன் கபூர் ரெண்டு பேரையும் வச்சு ரோஸ்ட் நடத்தினாங்க, கரண் ஜோஹர் தொகுத்தார், உள்ள இருந்தவங்க சிரிச்சாங்க, அடுத்த மாசம் யூட்யூப்ல போட்டதும் புகார், கேஸ்னு ஆகி பிப்ரவரில வீடியோவையே எடுத்துட்டாங்க. அவங்க பேசினது எல்லாம் எனக்கு சம்மதம்னு சொல்ல வரல. ஹாலுக்குள்ள இருக்கற முறை ஹாலுக்கு வெளிய செல்லாது, அத சொல்றேன். நம்ம மேடைல சொன்ன ஒரு வரிய பதினஞ்சு செகண்டுக்கு வெட்டி ஸ்டேட்டஸ்ல போட்டா, அந்த வாத்தியார தெரியாத அவர் மருமகன் ஆபீஸ்ல அது வெறும் திட்டா தான் போய் நிக்கும். வேணும்னா கமிட்டி சார்பா ஒரே ஒருத்தர் எடுத்து அவர் வீட்டுக்கு மட்டும் பென் டிரைவ்ல குடுங்க.

நிகழ்ச்சி முடிஞ்ச அடுத்த நாள் சாயங்காலம் யாராவது ஒருத்தர் அவர் வீட்டுக்கு போயிட்டு வாங்க. அவர்கிட்டயும் அவர் சம்சாரத்துகிட்டயும் கேளுங்க, எந்த வரி புடிச்சுது, எது கொஞ்சம் சுருக்குன்னு பட்டுச்சுன்னு. சுருக்குன்னு பட்ட வரிய மேடைல பேசினவர்கிட்ட தனியா சொல்லுங்க, அவரே ஒரு ஃபோன் பண்ணி பேசிடட்டும். புடிச்ச வரிய எழுதி வச்சுக்கங்க, அடுத்த தடவ எழுத உக்கார்ற புதுப் பசங்களுக்கு டீன் மார்ட்டின் வீடியோவோட சேத்து அதையும் காட்டலாம்.